இடது குதிங்கால், வலது குதிங்கால்

போன வாரம் பதுளைக் கடைத்தெருவுக்குக் கொள்ளு வாங்கப் போனேன். மகளுக்குச் சளி. கொள்ளு ரசம் வைத்துக் கொடுத்தால் இறங்கிவிடும் என்பது எங்கள் வீட்டு வைத்தியம். கடையில் கூட்டம் அதிகம். வாசலில் இரண்டு படிகள். மேல்படியில் ஏறி என் முறைக்காகக் காத்து நின்றேன். முதலாளி அப்போதுதான் புதுச் சாக்கு ஒன்றின் வாயைப் பிரித்தார். கொள்ளின் வாசனை மூக்கில் ஏறியது. சாக்கிலிருந்து நிமிர்ந்தவர் என் கால்களைப் பார்த்துவிட்டார்.

"அக்கா, உள்ள தள்ளி நில்லுங்க. பின்னால விழுந்துறப் போறீங்க."

குனிந்து பார்த்தேன். பாதத்தின் முன்பாதி மட்டும்தான் படியில் இருந்தது. குதிங்கால் இரண்டும் படிக்கு வெளியே, கீழே தொங்கிக்கொண்டிருந்தன. எப்போது அப்படி நின்றேன் என்று எனக்கே தெரியாது.

"விழ மாட்டேங்க, பழக்கம்" என்றேன்.

என்ன பழக்கம் என்று அவர் கேட்டிருந்தால் கடை சாத்தும்வரை சொல்லியிருப்பேன். அவருக்கு வியாபாரம் இருந்தது, கேட்கவில்லை. ஆகவே நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

கொள்ளு வேகும் வாசனை எனக்கு ரசத்தை ஞாபகப்படுத்துவதில்லை. பிஸ்கட்டைத்தான் ஞாபகப்படுத்தும். தின்கிற பிஸ்கட் இல்லை, அது ஒரு குதிரையின் பெயர். காலையில் அவித்த கொள்ளை வாளியில் கொண்டுபோனால், மூன்று கொட்டில் தள்ளி வரும்போதே மூக்கை நீட்டிக் கனைக்கும். நுவரெலியாவில் ரேஸ் ஓடி ஓய்ந்த பெண்குதிரை. பிஸ்கட் நிறம், அதனால் அந்தப் பெயர். ரேஸில் அதற்கு என்ன பெயர் வைத்திருந்தார்களோ, எங்களுக்கு அது வாயில் நுழையவில்லை.

நான் பிறந்த தோட்டம் பெரகல சந்தியிலிருந்து மேலே ஏறினால் வரும். பள்ளிக்கூடத்தை முடித்து, கணிதத்தில் மட்டும் மூன்று தடவை கோட்டைவிட்டு, அம்மாவோடு கொழுந்து பறிக்கப் போனேன். மூன்று வருஷம் பறித்தேன். பிறகு பழைய துரை பங்களாவை ஹோட்டலாக மாற்றினார்கள். அறை பெருக்கவும் படுக்கை விரிக்கவும் ஆள் எடுத்தபோது போய்ச் சேர்ந்தேன். ஒரு வருஷம் கழித்து லொறியில் நாலு குதிரைகள் வந்து இறங்கின. வெளிநாட்டு விருந்தாளிகள் குதிரையேறித் தேயிலைக்குள் ஒரு சுற்று சுற்றிவர வேண்டும் என்று ஹோட்டல் முதலாளிக்கு ஆசை.

குதிரைகளைப் பார்த்துக்கொள்ள சுனில் என்று ஒருவர் இருந்தார். அதிகம் பேசமாட்டார். விருந்தாளிகளுக்கு முன்னால் குதிரையில் போய் வழிகாட்டுவதும் அவர்தான். ஒருநாள் இரண்டு சின்னப் பெண்பிள்ளைகளோடு வந்த ஒரு தாய், வழிகாட்ட ஒரு பெண் இருந்தால் நல்லது என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போனார். மேனேஜர் சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். மறுநாள் எங்களை வரிசையாக நிறுத்தி, "குதிரைன்னா பயமில்லாத ஆள் யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார்.

நான் கை தூக்கினேன். பயம் இருந்தது, நிறையவே இருந்தது. ஆனால் எனக்கு அந்த ரோடு வேண்டும். இதை உங்களுக்கு எப்படிச் சொல்வது? எங்கள் ஆறாம் நம்பர் மலைக்கு மேலே ஒரு தோட்டத்து ரோடு போகிறது. தேயிலை நட்ட ஒவ்வொரு பகுதியையும் நாங்கள் மலை என்றுதான் சொல்லுவோம், அதற்கொரு நம்பரும் இருக்கும். ஆறாம் நம்பரில் ரோட்டுக்குக் கீழே நின்றுதான் கொழுந்து பறிப்போம். தலையில் கூடைக்கயிறு அழுத்த நிமிர்ந்தால் ரோட்டில் போகிறவர்களின் பாதம்தான் கண்ணுக்கு நேரே தெரியும். துரையின் ஜீப் சக்கரம், வெள்ளைக்காரர்களின் சப்பாத்து, நாயின் கால். மூன்று வருஷம் அந்த ரோட்டை நான் கீழிருந்துதான் பார்த்தேன். ஒரு தடவையாவது அதன்மேல் உயரமாக உட்கார்ந்து போகவேண்டும் என்று வெறியாக இருந்தது.

அம்மாவுக்குச் சொன்னதும் கையிலிருந்த ரொட்டி மாவை அப்படியே வைத்துவிட்டார்.

"வயசுப் பொண்ணு, கால ரெண்டு பக்கமும் போட்டுக்கிட்டு ஊரச் சுத்துவியா? நாளைக்கு எவன் ஒன்னையக் கேட்டு வருவான்?"

"வர்றவன் நடந்து வரட்டும்மா. நான் குதிரையில போயி கூட்டிக்கிட்டு வர்றேன்."

அம்மா சிரிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு தடுக்கவும் இல்லை.

முதல் இரண்டு வாரம் சுனில் கயிற்றைப் பிடித்து நடத்தினார். எல்லாம் சுலபம்போலத் தெரிந்தது. வாய் சும்மா இருக்குமா? நாங்கள் குடியிருந்த வீட்டு வரிசையான லயம் முழுக்க, ஹோட்டல் முழுக்க, பெரகலக் கடைவரைக்கும் சொல்லி முடித்துவிட்டேன், நான்தான் இனிமேல் குதிரை கைட் என்று. மூன்றாம் வாரம் கயிற்றை அவிழ்த்துவிட்டார். பிஸ்கட் லேசாக ஓட்டநடை பிடித்ததும் எனக்குத் தூக்கிப்போட்டது. பிடிமானத்துக்கு முழங்காலை இறுக்கினேன். முழங்கால் இறுகியதும் குதிங்கால் மேலே ஏறி அதன் வயிற்றில் குத்தியது. ரேஸ் குதிரைக்கு வயிற்றில் குத்தினால் என்ன அர்த்தம்? ஓடு என்று அர்த்தம். ஓடியது. அது ஓட ஓட நான் இன்னும் இறுக்கினேன், நான் இறுக்க இறுக்க அது இன்னும் ஓடியது. இப்படியே இரண்டு பேரும் ஒருவரையொருவர் விரட்டிக்கொண்டு கொழுந்து நிறுக்கும் கொட்டகைவரை போய்ச் சேர்ந்தோம். அங்கே கட்டிவைத்த கொழுந்துச் சாக்கு ஒன்றில் பிஸ்கட் தலையை விட்டு, பலமாக ஒரு தும்மல் போட்டது.

"கொழுந்தத் திங்குது பாருங்க, கொழுந்தத் திங்குது" என்று கங்காணி கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். கங்காணி என்றால் பறிக்கும் பெண்களை மேய்ப்பவர். நான் பறித்த காலத்திலும் அவர்தான். பெண்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பெரிய சத்தம் சரோஜாவுடையது. பக்கத்து லயம், என் வயது, முதலாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. கொழுந்து பறித்த மூன்று வருஷமும் பக்கத்து நிரையில் நின்றவள்.

அன்று பின்னேரம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் சாந்தமாகப் பேசினார்.

"முன்னால போற குதிரை ஓடுனா, பின்னால பிள்ளைங்க இருக்கிற குதிரையும் ஓடும். அப்ப யாரு பிடிக்கிறது? உங்க கால் சரியாகிற வரைக்கும் நான் பிள்ளைங்கள அனுப்ப மாட்டேன். டிசம்பர்ல ஆட்கள் வர்றதுக்கு முந்தி நானே பின்னால வந்து பாப்பேன். சரியில்லன்னா அறை வேலையே பாருங்க."

செப்டம்பர் பிறந்திருந்தது. மூன்று மாதம் இருந்தது. குதிரைச் சாமான் வைக்கும் அறையின் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். ஒருவர் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார். அவர் காதிலிருந்து தோள், இடுப்பு, குதிங்கால் என்று நேராக ஒரு கோடு கீழே இறங்குகிறது. கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தேன். பாரம் இடுப்பிலிருந்து இறங்கிக் குதிங்காலில் சேரவேண்டும். கால்வளையத்தில் பாதத்தின் அகன்ற பகுதி இருக்கவேண்டும். முழங்காலை இறுக்கக்கூடாது. மொத்தம் நாலு வரி. கணிதத்தைவிட இது பரவாயில்லை என்று நினைத்தேன்.

பிறகுதான் தெரிந்தது, என் கால் அந்த நாலு வரிக்கும் நேர் எதிராக வளர்ந்த கால் என்று. சரிவில் நின்று பறிக்கிறவளுக்குக் குதிங்காலால் ஒரு பிரயோசனமும் கிடையாது. மழை பெய்த மண்ணில் விரல்களால் தரையைக் கவ்விக்கொண்டுதான் நிற்பாள். கூடைக்கயிறு தலையில் இழுக்கும், அதற்கு ஈடாக உடம்பை முன்னால் சாய்ப்பாள். முழங்காலை மடக்கிச் செடியோடு முட்டுக்கொடுப்பாள். நான் பறித்தது மூன்று வருஷம் மட்டும்தான், ஆனால் அம்மாவும் அம்மாவின் அம்மாவும் அப்படியே நின்றவர்கள். பிஸ்கட்மேல் ஏறியதும் என் கால்கள் பயந்துபோய், தங்களுக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தன. ஆறாம் நம்பர் மலையில் நிற்பதுபோல நின்றன.

சரி, நின்றது போதும், இனி வேறு மாதிரி நில்லுங்கள் என்று அவற்றோடு சண்டைக்குப் போனேன். பங்களா மாடிப்படியில் கைப்பிடியைத் துடைக்கும்போது ஒவ்வொரு படியின் விளிம்பிலும் குதிங்காலைத் தொங்கவிட்டு நிற்பேன். தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் குடம் நிறையும்வரை சிமெந்துக் கட்டின் விளிம்பில் நிற்பேன். "கொக்கு மாதிரி என்னாடி நிக்கிற, கொடம் வழியுது பாரு" என்று அம்மா அதட்டுவார். பெரகலவுக்கு பஸ்ஸில் போனால் இடம் இருந்தாலும் உட்காரமாட்டேன், மிதிபலகையில்தான் நிற்பேன். வளைவுகளில் பஸ் ஆடும்போது பாரம் தானாகக் குதிங்காலுக்கு இறங்குவது தெரியும். கண்டக்டர் தினமும் திட்டுவார். நானும் தினமும் நின்றேன். கெண்டைக்கால் சதை இரவில் முறுக்கிப் பிடிக்கும். அதற்கு வேப்பெண்ணெய் தடவியதில் அறை முழுக்க நாற்றம், தங்கை பாயைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆனால் குதிரைமேல் ஏறியபின் குதிங்கால் எங்கே இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? குனிந்து பார்த்தால் உடம்பு கோணிவிடுகிறது. சுனில் முன்னால் போகிறார், அவருக்கு முதுகில் கண் இல்லை. இரண்டு வாரம் இப்படியே குருட்டாம்போக்கில் ஓட்டினேன். மூன்றாவது வாரம் ஆறாம் நம்பர் மலைக்கு மேலே ரோட்டில் போய்க்கொண்டிருந்தபோது, கீழே தேயிலைக்குள்ளிருந்து ஒரு சத்தம்.

"அடியேய், குதிங்கால ஏன்டி அப்படித் தூக்கி வச்சிருக்க? முள்ளு குத்திருச்சா?"

சரோஜா. அவள் கண்ணுக்குச் சற்று மேலே, இரண்டு முழத்தில் என் பாதம். நான் அந்த இடத்தில் நின்று எத்தனை பாதங்களைப் பார்த்திருக்கிறேன்! இது எனக்கு ஏன் முன்னமே தோன்றவில்லை என்று என்னையே நொந்துகொண்டேன். அன்று பின்னேரமே லயத்துக்குப் போய், சுவரில் கரியால் அந்தப் படத்தை வரைந்து, கோட்டையும் இழுத்துக் காட்டினேன்.

"இவ்வளவுதானா? காதுலருந்து குதிங்காலுக்கு ஒரு நேர்கோடு. அந்தக் கோட்டுல ஒன் காலு இல்லன்னா கத்தணும், அதுதானே? கத்துறதுக்கு எனக்குச் சொல்லியா குடுக்கணும்?" என்றாள் சரோஜா.

அடுத்த தடவை அவள் மட்டும் கத்தவில்லை. நிரை முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். நான் வளைவில் திரும்பியதும் முதல் ஆள் தொடங்கினாள், "குதிங்காலு". பத்தடி தள்ளி அடுத்தவள், "குதிங்காலு, குதிங்காலு". ஒரு குதிரையைக்கூடத் தொட்டுப் பார்த்திராத இருபது பெண்கள், கை கொழுந்தைக் கிள்ள, கண் என் காலில். அவர்களுக்குப் பிழை பிடிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியதே இல்லை. இளங்கொழுந்துக்கும் கரட்டு இலைக்கும் உள்ள வித்தியாசத்தை நொடியில் பிரிக்கிற கண்கள். ஒரு கிழமை குதிங்காலைப் பலமாக அழுத்திக்கொண்டு போனேன். சரோஜா திருப்திப்படவில்லை.

"குதிங்காலு எறங்கிருச்சு. ஆனா ஒன் காலு முன்னால போயிருச்சுடி. ஈசிச்செயார்ல காலை நீட்டிக்கிட்டு தொரை உக்காருவாரே, அப்படி இருக்க."

படத்தைப் போய்ப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. குதிங்காலை வம்பாக அழுத்தினால் கால் முன்னே தள்ளிக்கொண்டு போகிறது. அழுத்தக்கூடாது, இடுப்பிலிருந்து காலை நீளமாக விட்டால் அதுவே இறங்கவேண்டும். சுனிலிடம் கெஞ்சி, கால்வளையங்களைச் சேணத்துக்கு மேலே மடித்துப்போட்டு, காலைச் சும்மா தொங்கவிட்டு நடைபழகினேன். முதல் நாள் இரண்டு தடவை விழுந்தேன். இரண்டாம் தடவை விழுந்தது கானுக்குள், அதாவது தேயிலைக்கு நடுவே வெட்டிய வாய்க்காலுக்குள். சுனில் வந்து எட்டிப் பார்த்து, "ஏறுங்க" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்ன ஆறுதல். ஏறினேன்.

ஒரு மலையை எடுத்து முடித்தால் மறுபடி அதே மலைக்குப் பறிக்க வர ஏழெட்டு நாளாகும். ஆகவே ஆறாம் நம்பருக்கு அவர்கள் வருகிற நாள்தான் எனக்குப் பரீட்சை நாள். மற்ற நாட்களில் நானும் பிஸ்கட்டும் தனியே பாடம் படிப்போம். நவம்பர் தொடக்கத்தில் ஒருநாள் அந்த வளைவில் திரும்பினேன், ஒரு சத்தமும் இல்லை. ஆள் இல்லையோ என்று பார்த்தால் எல்லோரும் இருந்தார்கள். இருபது பேரும் என் காலைப் பார்த்தார்கள், பேசாமல் கொழுந்தைக் கிள்ளினார்கள். ரோட்டின் கடைசியில் சரோஜா மட்டும், "ம்" என்றாள். அந்த "ம்"முக்கு ஈடாக இன்றுவரை எனக்கு யாரும் ஒரு பாராட்டும் தந்ததில்லை. பங்களா போய்ச் சேரும்வரை அழுதுகொண்டே போனேன், சுனில் திரும்பிப் பார்க்காத மனிதர் என்பது நல்லதாய்ப் போயிற்று.

தைரியம் வந்துவிட்டது. மேனேஜரிடம் போய், நீங்கள் இப்போதே பார்க்கலாம் என்றேன். அவர் மறுநாளே சாம்பல் நிறக் குதிரையில் என்னோடு வந்தார். அகலமான இடங்களில் எனக்கு வலப்பக்கமாக வந்தார். சுற்று முடிந்ததும் இறங்கி, தொப்பியைக் கழற்றினார்.

"வலது கால் மேலேயே இருக்கு. சும்மா போனப்பவும் இருந்திச்சு, ஓடுனப்பவும் இருந்திச்சு."

குனிந்து வலது பூட்ஸைப் பார்த்தேன். பிறகு விளங்கியது. எங்கள் சுற்று எப்போதும் ஒரே திக்கில்தான். பங்களாவிலிருந்து ஆறாம் நம்பர் ரோடு, அங்கிருந்து தொழிற்சாலை ரோடு, பிறகு பங்களா. போகும்போது பள்ளம் இடப்பக்கம். பள்ளத்தில் நிற்கிற சரோஜாவுக்கும் இருபது பேருக்கும் தெரிந்ததெல்லாம் என் இடது கால் மட்டும். ஒன்றரை மாதமாகப் பார்த்துப் பார்த்துச் செதுக்கியது இடது குதிங்காலை. வலது குதிங்கால் யார் கண்ணிலும் படாமல் மலையேறிக்கொண்டே இருந்திருக்கிறது. உலகத்தில் வேறு எந்தக் குதிரைக்காரிக்கும் இப்படி ஒரு கதி வந்திருக்காது. சரோஜாவிடம் சொன்னபோது அவள் சிரித்து, புரையேறி, பிறகு தலையில் அடித்துக்கொண்டாள்.

"அதுக்கென்னா இப்ப? சுத்தைத் திருப்பிப் போட்டு வா."

திருப்பிப் போடுவது என்று அவள் சுலபமாகச் சொல்லிவிட்டாள். பிஸ்கட் சம்மதிக்க வேண்டாமா? தொழிற்சாலை ரோட்டிலிருந்து ஆறாம் நம்பருக்குத் திருப்பினால் நாலு காலையும் ஊன்றி நின்றுவிடும். அதன் கணக்கில் தொழிற்சாலை ரோடுதான் பங்களாவுக்குப் போகிற ரோடு, கொள்ளு வாளிக்குப் போகிற ரோடு. திருப்பிப் போனால் கொள்ளு கிடைக்காது என்று அதற்கு நிச்சயம். நானும் விடவில்லை. முதல் நாள் முக்கால் மணி நேரம் அந்தச் சந்தியில் நின்றோம். யார் முதலில் சலிப்பது என்று போட்டி. மழை பிடித்தது, இரண்டு பேரும் நனைந்தோம். சட்டைப் பையில் ஒரு பிடி அவித்த கொள்ளு வைத்திருந்தேன், அதைக் கொடுக்கவே கூடாது என்று நினைத்திருந்தேன். கடைசியில் கொடுத்துவிட்டேன். பிடிவாதத்தில் நான் தோற்ற ஒரே ஆள் பிஸ்கட்தான். மறுநாளிலிருந்து அந்தச் சந்தியில் ஒரு பிடி, ஆறாம் நம்பர் முடிவில் ஒரு பிடி என்று உடன்பாடு.

பெண்கள் அடுத்து ஆறாம் நம்பருக்கு வந்தபோது வலது கால் அவர்கள் கண்முன்னால் போனது. அன்று கிடைத்த கத்தலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். இடது காலுக்கு ஒன்றரை மாதம் கத்தியதை வலது காலுக்கு ஒரே நாளில் கத்தித் தீர்த்தார்கள். கங்காணிக்குப் பொறுக்கவில்லை.

"கொழுந்து எடுக்க வந்தீங்களா, சர்க்கஸ் பாக்க வந்தீங்களா? சரோஜா, நாளையிலருந்து நீ பதினோராம் நம்பருக்குப் போ."

பதினோராம் நம்பர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், எதிர்மலை. கங்காணி சொன்னால் சொன்னதுதான். மற்றப் பெண்களுக்கும் வாய் கட்டிப்போயிற்று. சரோஜாவுக்கு என்னால் தண்டனை வந்ததே என்று அன்று பின்னேரம் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"மன்னிப்புக் கேக்க வந்தியா? கேக்காத. அந்தக் கால மட்டும் எறக்கிப்புட்டு வா. எறங்கலன்னா நான் சும்மா அட்டைக்கடி பட்டவளா ஆயிருவேன்."

பதினோராம் நம்பரில் அட்டை அதிகம். அந்த வார்த்தைதான் என்னைப் பிடித்துத் தள்ளியது. அதுவரை அந்த வேலை எனக்காக வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு தோற்கிறதுக்கு எனக்கு உரிமையே இல்லை என்று ஆகிவிட்டது. பார்க்கக் கண் இல்லாவிட்டால் காது போதும் என்று வலது பூட்ஸின் குதியில் ஒரு சின்ன ஆட்டுமணியைக் கட்டினேன். கால் ஒழுங்காக இருந்தால் மணி பூட்ஸோடு ஒட்டிக் கிடக்கும். குதி ஏறி பிஸ்கட்டின் வயிற்றில் தட்டினால் கிணுங்கும். இருபது நாள் அந்த மணியோடு போனேன். அறைகளில் படுக்கை விரிக்கும்போதும் காதுக்குள் அந்த மணிச்சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

டிசம்பர் முதல் வாரம், காலை எட்டு மணி. மணியை அவிழ்த்துவிட்டேன். முன்னால் நான், பின்னால் மேனேஜர். சுற்றைத் திருப்பிப் போட்டோம், என் வேண்டுகோள்தான். ஆறாம் நம்பர் வெறிச்சோடிக் கிடந்தது. நாலு நாளைக்கு முன்தான் எடுத்து முடித்திருந்தார்கள். ஓட்டநடைக்குப் போனேன். கீழே ஒருவரும் இல்லாத அந்தப் பள்ளத்தைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ இறுகத் தொடங்கியது. முதலில் தோள், பிறகு இடுப்பு. முழங்கால் சேணத்தைக் கவ்வப்போவது தெரிந்தது. பிஸ்கட் காதைப் பின்னால் திருப்பியது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம், எதிர்மலையிலிருந்து, காற்றில் பிய்ந்து பிய்ந்து வந்தது ஒரு குரல்.

"குதிங்காலூ..."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு தூரத்திலிருந்துமா என்று உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தேன். சிரித்த உடம்பு இறுக்கமாக இருக்க முடியாது. இடுப்பு தளர்ந்தது, கால் இரண்டும் கீழே நீண்டு இறங்கின. பிஸ்கட் காதை முன்னால் திருப்பி, ஒரே சீராக நடையைப் போட்டது. ரோடு முடியும்வரை குதிங்கால் எங்கே இருக்கிறது என்று நான் நினைக்கவே இல்லை.

பங்களாவில் மேனேஜர் இறங்கினார், கடிவாளத்தை சுனிலிடம் கொடுத்தார், கையுறையைக் கழற்றினார். பிறகு என்னைப் பார்த்து, "நாளைக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க. எட்டரைக்கு ரெடியா இருங்க" என்றார். நான் "சரி, சேர்" என்றேன். சுனில் என்னிடம் கொள்ளு வாளியைத் தந்தார்.

ஆறு வருஷம் அந்த ரோட்டில் போனேன். எத்தனையோ ஊர்ப் பிள்ளைகள் என் பின்னால் வந்தார்கள். ஒரு குதிரைகூட ஓடவில்லை. என்னைக் கேட்டு வந்தவர் பதுளையிலிருந்து பஸ்ஸில்தான் வந்தார், அம்மா பயந்ததுபோல ஒன்றும் ஆகவில்லை. பிறகு விருந்தாளிகள் வருவது நின்றது. முதலில் கொஞ்சநாள் என்றார்கள், பிறகு கொரோனா என்றார்கள், அதற்குப் பிறகு டீசலும் இல்லை, கொள்ளும் இல்லை என்றார்கள். குதிரைகளை ஒவ்வொன்றாக லொறியில் ஏற்றினார்கள். பிஸ்கட் கடைசியாகப் போனது. ஏற மாட்டேன் என்று நாலு காலையும் ஊன்றி நின்றது. ஒரு பிடி கொள்ளைக் காட்டி ஏற்றியது நான்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம்தான் வருகிறது.

நான் இப்போது பதுளையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறேன். சரோஜா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமைகளில் போன் பேசுவாள். கடையில் கொள்ளுச் சாக்கு பிரித்த கதையைச் சொன்னபோது, இத்தனை வருஷம் கேட்காத ஒன்றைக் கேட்டேன். அன்றைக்கு அவ்வளவு தூரத்திலிருந்து என் கால் எப்படித் தெரிந்தது?

"எங்கடி தெரிஞ்சிச்சு? ரெண்டு புள்ளி போச்சு. அதுல எந்தப் புள்ளி நீன்னுகூடத் தெரியல."

"பொறவு ஏன் கத்துன?"

"ஒன்னைய எனக்குத் தெரியாதா? பயந்தா தூக்குவ. அன்னைக்குப் பயந்திருப்பன்னு கத்துனேன்."

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனேன். பின்னேரம் தனியாக அந்த ரோட்டுக்கு ஏறினேன். பங்களா பூட்டிக் கிடக்கிறது. ஆறாம் நம்பரில் பறிக்க ஆள் இல்லை என்று நாலைந்து வருஷமாகக் கைவிட்டுவிட்டார்கள். அந்த இருபது பேரில் பாதிப்பேர் கொழும்பிலும் வெளிநாட்டிலும். தேயிலை மரமாக வளர்ந்து நிற்கிறது, அதற்கும் மேலே மானாப்புல் ரோடுவரைக்கும் ஏறி வந்துவிட்டது. சரோஜா நின்ற நிரை எதுவென்று தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை.

ரோட்டோரக் கல் ஒன்றில் ஏறி, பள்ளத்துக்குப் பக்கவாட்டாக, பாதத்தின் முன்பாதி மட்டும் கல்லில் இருக்க நின்றேன். குதிங்கால் இரண்டும் தானாகவே கீழே இறங்கின. பிறகு வேண்டுமென்றே குதிங்காலைத் தூக்கினேன். நன்றாகத் தூக்கி, புல்லைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். யாரும் கத்தவில்லை.